ஒரு கார்டு, மூன்று வீட்டுத் தவணை

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 58,000 ரூபாய் வருகிறது. மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கேஸ் மிச்சமாகும் என்று ஆகஸ்டில் 9,000 ரூபாய்க்கு ஏர் ஃபிரையர் வாங்கினேன். ஆறு மாதத் தவணை, பிப்ரவரியில் முடிகிறது. முன்பு 38 நாள் வந்த சிலிண்டர் இப்போது 43 நாள் வருகிறது. ஆனால் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் பூஜ்யமாக வந்துகொண்டிருந்த மின் கட்டணம் போன மாதம் 1,700 ரூபாயைத் தாண்டிவிட்டது. மின்சாரம் குறைவாக இழுக்கும் பெரிய மாடலுக்கு மாறலாமா? என் கிரெடிட் கார்டில் கொழுந்தனாரின் போன் தவணை 2,000, நாத்தனாரின் வாஷிங் மெஷின் தவணை 3,000 ஓடுகின்றன. நாத்தனார் மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை. ஒசூர் சித்தி, மகளின் கல்யாணச் சீருக்கு ஓர் ஏர் ஃபிரையரை என் கார்டில் வாங்கித் தரக் கேட்கிறார். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவருவதால் கார்டில் 46,000 நிலுவை இருக்கிறது. ஜூனில் பள்ளிக் கட்டணம் 30,000 கட்ட வேண்டும். அதற்காக 50,000 ரூபாய் டெபாசிட் வைத்திருக்கிறேன். அதைத் தொட மனமில்லை.

பதில்: அம்மா, பெரிய மாடல் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஏர் ஃபிரையரைப் பற்றிப் பாதிப் பக்கம் இருக்கிறது. கார்டு நிலுவையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான். ஆனாலும் நீங்கள் கேட்டதற்குக் கணக்குச் சொல்லாமல் அடுத்ததற்குப் போவது முறையல்ல.

சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 38 நாள் வந்தபோது உங்கள் கேஸ் செலவு மாதம் ஏறத்தாழ 710 ரூபாய். 43 நாள் வரும்போது 630. மிச்சம் 80 ரூபாய். எண்ணெயில் மாதம் ஒரு லிட்டர் குறைந்திருந்தால் இன்னொரு 150. ஆக 230 ரூபாய். 1,500 வாட் இயந்திரத்தைத் தினம் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் ஓட்டினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், மாதத்துக்கு 30 யூனிட். வரியோடு யூனிட் ஏழு ரூபாய் என்றால் 210. கிருஹ ஜோதியே இல்லாத வீட்டில்கூட வரவும் செலவும் சரிக்குச் சரியாகத்தான் நிற்கும்.

பிறகு எங்கிருந்து வந்தது அந்த மிச்சக் கதை? ஏர் ஃபிரையர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது பொய்யல்ல. பெரிய மின் ஓவனைச் சூடேற்றி, ஒரு கோழித் துண்டுக்காக முக்கால் மணி நேரம் எரியவிடும் வீடுகளில் அது உண்மை. சின்னக் கூடைக்குள் சூடான காற்றை வேகமாகச் சுழற்றுவதால் முன்கூட்டிச் சூடேற்றும் நேரமும் வேகும் நேரமும் அங்கே குறைகின்றன. நம் வீட்டில் கேஸ் எதற்குப் போகிறது? சோற்றுக்கு, சாம்பாருக்கு, பாலுக்கு, இட்லிப் பானைக்கு. இவற்றில் ஒன்றைக்கூட ஏர் ஃபிரையர் செய்து தராது. வாழைக்காய் வறுவல், உருளைக்கிழங்கு, பாகற்காய், எண்ணெய் இல்லாமல் சுட்ட அப்பளம், நேற்றைய வடையை மறுபடி மொறுமொறுப்பாக்குவது இவற்றுக்கு அது நல்ல சாதனம்தான். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்க வேண்டிய உடம்பு வீட்டில் யாருக்காவது இருந்தால் அதுவே வாங்கப் போதுமான காரணம். கேஸ் மிச்சம் என்ற காரணத்துக்காக மட்டும் வாங்காதீர்கள்.

உங்கள் 1,700 ரூபாய்க்குக் காரணம் வேறு. 2022-23 ஆம் ஆண்டு சராசரிப் பயன்பாட்டோடு பத்து விழுக்காடு சேர்த்ததுதான் கிருஹ ஜோதியில் உங்கள் வீட்டுக்கான அளவு. அதைத் தாண்டினாலும் 200 யூனிட்டுக்குள் இருந்தால், கூடுதலாகச் செலவான யூனிட்டுக்கு மட்டும் கட்டலாம். 200-ஐத் தாண்டிவிட்டால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில். நீங்கள் இணைத்திருந்த பில்களைப் பார்த்தேன். முன்பு 175, 182, 180. போன மாதம் 211. பதினொரு யூனிட்டுக்காக 211 யூனிட்டுக்கும் கட்டியிருக்கிறீர்கள்.

ஆகையால் ஏர் ஃபிரையரை விற்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். தினம் இருபது நிமிடம் போதும். தோசையையும் சப்பாத்தியையும் அதில் சூடு பண்ணாதீர்கள், அடுப்பில் தவாவை வையுங்கள். இன்னும் பெரிய செலவாளி உங்கள் குளியலறையில் இருக்கிறது. ஒரு வாளி தண்ணீரைச் சுட வைக்க கீசருக்கு ஏறத்தாழ அரை யூனிட் ஆகும். மூன்று பேருக்கு மாதம் 45 யூனிட். காலையில் எழுந்ததும் போட்டுவிட்டு ஒன்பது மணிவரை மறந்துவிடும் வீடுகளில் அது இன்னும் கூடும். பெங்களூரின் டிசம்பர், ஜனவரி குளிரில் 200 என்ற கோட்டைக் கவனிக்க வேண்டிய இடம் கீசர் சுவிட்ச்தான்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

46,000 ரூபாய் நிலுவைக்கு மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி என்றால் 1,610. வட்டிக்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 290. மொத்தம் மாதம் 1,900 ரூபாய். வருடத்துக்கு 22,800. அதாவது உங்கள் ஏர் ஃபிரையரைப் போல இரண்டரை இயந்திரங்களை வருடா வருடம் வாங்கி வங்கிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது போதாதென்று, நிலுவை இருக்கும்வரை நீங்கள் கார்டில் வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஐம்பது நாள் வரை வட்டி இல்லை என்ற சலுகை, முழுப் பில்லையும் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான்.

இந்த நிலுவை எப்படிச் சேர்ந்தது? உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் பார்த்தேன். கொழுந்தனார் ஒழுங்கான மனிதர், மாதம் முதல் தேதியே 2,000 அனுப்பிவிடுகிறார். அது உங்கள் சேமிப்புக் கணக்கில் விழுகிறது. ஐந்தாம் தேதி வாடகை போகிறது, அந்த 2,000-மும் அதோடு போகிறது. கார்டு கெடு 18-ஆம் தேதி. அன்றைக்குக் கணக்கில் இருப்பதைப் பார்த்துக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டுகிறீர்கள். அவர் கொடுத்த பணம் உங்கள் வீட்டு வாடகையாகிவிட்டது, அவருடைய தவணை உங்கள் கடனாகிவிட்டது. நாத்தனார் விஷயத்தில் அந்த 2,000 போன்ற வரவும் இல்லை.

‘அண்ணி, ஓடிபி வந்ததா?’ என்று கேட்டு போன் வரும், பஸ்ஸில் நின்றபடியே ஆறு எண்களைச் சொல்லிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு எண்களைச் சொன்ன நொடியில் கடன் வாங்கியவர் நீங்கள். பொருள் யார் வீட்டில் இருந்தாலும் வங்கிக்கு உங்களை மட்டும்தான் தெரியும். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் குறைவதும் உங்களுக்குத்தான். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’, அதாவது வட்டியில்லாத் தவணை என்பதால் செலவே இல்லை என்று அவர்கள் நினைக்கலாம். செயல்பாட்டுக் கட்டணமும் வட்டிப் பகுதி மீதான ஜிஎஸ்டியும் உங்கள் பில்லில்தான் ஏறியிருக்கின்றன. அவற்றை அவர்களிடம் கேட்டு வாங்கினீர்களா?

டெபாசிட்டை உடையுங்கள். மனம் கஷ்டப்படும், தெரியும். ஆனால் ஆறரை விழுக்காடு வட்டி வாங்கிக்கொண்டு, மறு கையால் நாற்பத்திரண்டு விழுக்காடு வட்டி கட்டுவதால் மகளின் பள்ளிப் பணம் பாதுகாக்கப்படவில்லை, கரைகிறது. முன்கூட்டி எடுப்பதற்கான அபராதம் சில நூறு ரூபாய், கட்டிவிடுங்கள். இந்த மாதமே 46,000 நிலுவையை அடைத்துவிடுங்கள். இதை அடைக்கத் தனிநபர் கடன் தருகிறோம் என்று வரும் அழைப்புகளை எடுக்கவே வேண்டாம்.

டெபாசிட்டில் மீதி 4,000 இருக்கும். வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த 1,900 ரூபாயை இந்த நவம்பரிலிருந்து மே வரை தொடர் வைப்பில் போடுங்கள்: 13,300. பிப்ரவரியோடு ஏர் ஃபிரையர் தவணை முடிகிறது, மார்ச்சிலிருந்து மூன்று மாதம் அந்த 1,500-ஐயும் சேருங்கள்: 4,500. ஆக 21,800. நாத்தனார் தர வேண்டிய 9,000 வந்தால் 30,800. ஜூன் கட்டணம் சரியாகிவிடும். வராவிட்டால் சரியாகாது. ஆகவே அதைக் கேட்டே தீர வேண்டும். உங்கள் கணவரின் அக்கா அவர், கேட்க வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் கேட்டால் அது தம்பி மனைவி, நாத்தனார் பேச்சாகத் திரும்பும். ‘மகளின் பள்ளிப் பணம் அது, மாதம் 1,500 வீதம் ஆறு மாதத்தில் தந்துவிடு அக்கா’ என்று அவர் சொல்லட்டும். இனி வரும் தவணைகள் அதற்குத் தனி.

கொழுந்தனாரிடம் ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள். பணத்தை உங்களுக்கு அனுப்பாமல், அவருடைய ஆப்பிலிருந்து நேராக உங்கள் கார்டு பில்லுக்கே கட்டட்டும். பெரும்பாலான கார்டுகளுக்கு இந்த வசதி இருக்கிறது. வாடகைக்குள் அது போய்விழாது.

கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை வங்கி ஆப்பில் இன்றைக்கே நிறுத்திவையுங்கள். தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். மளிகையைக் கணக்கிலிருந்து நேராக யூபிஐயில் வாங்குங்கள். முதல் இரண்டு மாதம் இறுக்கமாகத்தான் இருக்கும்.

சித்திக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். கார்டை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள், லிமிட் தீர்ந்துவிட்டது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். சாக்குச் சொன்னால் அடுத்த மாதம் மறுபடி கேட்பார். கல்யாணத்துக்கு உங்களால் முடிந்த மொய்யை உறையில் வைத்துக் கொடுங்கள். சீர்ப் பட்டியல் எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிட்டால் அவருக்கும் வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும்.