டாம் திபடோவை நிக்ஸ் அனுப்பியது சரியா? எட்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தவனின் பதில்

கேள்வி: அமெரிக்க பேஸ்கட்பால் லீக்கான என்.பி.ஏ-வில், 25 வருடங்களுக்குப் பிறகு நியூயார்க் நிக்ஸ் அணியைக் கிழக்குப் பிரிவு ஃபைனல் வரை கொண்டுபோன கோச் டாம் திபடோவை 2025-ல் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களே, அவர் அந்த வேலையில் நீடிக்கத் தகுதி உள்ளவர்தானா?

பதில்:

உள்ளவர்தானுங்க. இதை நான் சொல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. திபடோ மாதிரி கோச்சுகளிடம் மாட்டிக்கொண்டு முழித்த கூட்டம் என்று ஒன்று உண்டு, நான் அதில் ஒருவன். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பேஸ்கட்பால் டீமில் இருந்தேன். எட்டாவது ஆள். எட்டாவது ஆள் டீம் போட்டோவில் இருப்பான், ஸ்கோர் ஷீட்டில் பெயர் இருக்கும், கிரவுண்டில் மட்டும் இருக்க மாட்டான். தண்ணி பாட்டில் நீட்டுவான். டைம்-அவுட்டில் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேர்த்து நிற்கும் ஐந்து பேரின் தோள் இடுக்கில் தலையை விட்டு, சார் சாக்பீஸால் சிமெண்ட் தரையில் என்ன வரைகிறார் என்று எட்டிப் பார்ப்பான். அப்படிப்பட்டவன் திபடோவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றால் விஷயம் இருக்கிறது.

முதலில் கணக்கு. 2020-ல் அவர் வந்தபோது நிக்ஸ் எந்த நிலையில் இருந்தது? முந்தைய சீசனில் 21 வெற்றி, 45 தோல்வி. வந்த முதல் வருடமே 41-31, கூடவே லீக்கின் சிறந்த கோச் விருது. 2011-ல் சிகாகோ புல்ஸில் இருந்தபோது வாங்கியதையும் சேர்த்தால் இது இரண்டாவது. அடுத்த வருடம் 37-45 என்று ஒரு சறுக்கல். அதற்குப் பிறகு 47, 50, 51 என்று வெற்றி ஏறிக்கொண்டேதான் போனது. ஐந்து சீசனில் நான்கு முறை பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள். 2025-ல் நடப்புச் சாம்பியன் பாஸ்டனை ஏழு ஆட்டத் தொடரில் 4-2 என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிழக்கு ஃபைனலுக்குள் நுழைந்தார்கள். அங்கே இண்டியானா பேசர்ஸிடம் 4-2 தோல்வி. கடைசி ஆட்டம் மே 31. ஜூன் 3-ஆம் தேதி கோச்சுக்கு விடை கொடுத்தாகிவிட்டது. இத்தனைக்கும் முந்தின கோடையில்தான் அவருடைய ஒப்பந்தத்தை மூன்று வருடம் நீட்டியிருந்தார்கள். நம்ம பக்கம் ஆளை நிறுத்துவதென்றாலும் தீபாவளி போனஸ் கொடுத்துத்தான் நிறுத்துவார்கள்.

அந்த பேசர்ஸ் தொடரின் முதல் ஆட்டத்தை நேரலையில் பார்த்தேன். நம் கணக்கில் மே 22 காலை ஐந்தரைக்கு ஆரம்பம். மில்லில் எனக்கு ஜெனரல் ஷிப்ட், எட்டரைக்குள் உள்ளே போக வேண்டும். பல் விளக்குவது, குளிப்பது எல்லாம் குவார்ட்டர் இடைவேளையில். நான்காவது குவார்ட்டரில் இன்னும் மூன்று நிமிடம்கூட இல்லை, நிக்ஸ் 14 பாயிண்ட் முன்னால். முடிந்தது என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கப் போனேன். மனசு கேட்காமல் திரும்ப எடுத்துப் பார்த்தால் பேசர்ஸின் நெஸ்மித் மூன்று பாயிண்ட் மேல் மூன்று பாயிண்டாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். கடைசி விநாடியில் அதே டீமின் ஹாலிபர்ட்டன் தூக்கிப் போட்ட பந்து ரிங்கின் பின்பக்கம் பட்டு, போர்டு உயரத்துக்கு மேலே எழும்பி, யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. கால் விரல் மூன்று பாயிண்ட் கோட்டில் இருந்ததால் அது இரண்டு பாயிண்ட்தான், ஆட்டம் சமன். ஓவர்டைமில் 138-135, பேசர்ஸ் வெற்றி. நான் அன்றைக்கு லேட்.

அந்த ஆட்டத்தில் எனக்கு உறுத்திய இடம் வேறு. நிக்ஸின் பெரிய தலையான ஜேலன் பிரன்சன் நான்காவது குவார்ட்டரில் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே உட்கார வேண்டி வந்தது. அவர் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் டீம் எகிறி முன்னால் போனது. பெஞ்சில் உட்கார்ந்து பழகினவன் இதைக் கவனிக்காமல் இருக்க முடியுமா?

திபடோவின் மேல் இருக்கிற பெரிய குற்றச்சாட்டே இதுதான். ஐந்து பேரைப் பிடித்தால் அந்த ஐந்து பேர்தான். பிரன்சன், ஹார்ட், பிரிட்ஜஸ், அனுனோபி, டவுன்ஸ். இந்த ஐவரும் சேர்ந்தாற்போல் அந்த சீசனில் ஆடியது 940 நிமிடம், லீக்கில் வேறு எந்த ஐவரும் அவ்வளவு ஆடவில்லை. ஜோஷ் ஹார்ட்டுக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 37 நிமிடத்துக்கு மேல். ஆட்டமே 48 நிமிடம்தான். மார்ச் மாதத்தில் பிரிட்ஜஸ் வாயைத் திறந்து, நிமிடத்தைக் குறையுங்கள் என்று கோச்சிடம் பேசியதாகச் சொன்னார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றார் கோச். சிகாகோவில் 2012-ல் திபடோவின் நட்சத்திர ஆட்டக்காரர் டெரிக் ரோஸ் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்ததும் இந்தக் கதையோடு சேர்ந்தே வரும். பிளேஆஃப் முதல் ஆட்டம், புல்ஸ் 12 பாயிண்ட் முன்னால், ஒன்றரை நிமிடம்கூடப் பாக்கியில்லை, ரோஸ் இன்னும் உள்ளே ஆடிக்கொண்டிருந்தார்.

எங்கள் சாரும் இதே ரகம். நல்ல மனுஷன். காலை ஐந்தே முக்காலுக்கு எங்களுக்கு முன்னால் வந்து கிரவுண்டைக் கூட்டிக்கொண்டிருப்பார். மே மாதம் கரூர் திருவள்ளுவர் மைதானத்தில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை நடக்கும்போது சொந்தச் செலவில் வேன் பிடித்து எங்களைக் கூட்டிப்போய் பேங்க் டீம்களின் ஆட்டத்தைக் காட்டினார். காலரியில் உட்கார்ந்துகொண்டு, "கட் பண்றதப் பாருங்கடா, ஸ்க்ரீன் எங்க வெக்கறான் பாருங்கடா" என்று நுணுக்கம் நுணுக்கமாகச் சொல்வார். நான் அங்கே கண்கொட்டாமல் பார்த்தது ஒன்றைத்தான்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பெஞ்சிலிருந்து ஆள் எழுந்து போனது. அதைப் பற்றி மட்டும் சார் ஒன்றும் சொல்லவில்லை.

ஜோனல் ஜெயித்து ரெவின்யூ டிஸ்ட்ரிக்ட் ஃபைனலுக்குப் போனோம். கடைசிக் குவார்ட்டரில் எங்கள் பாயிண்ட் கார்டு ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே. (நம் ஆட்டத்தில் ஐந்து ஃபவுலோடு கதை முடிந்தது, அமெரிக்காவில் ஆறு.) ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் ஏற்கெனவே உள்ளே. சார் திரும்பினார். "டேய், நீ போடா" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த கால். முதல் பாஸை எதிர் டீம்காரன் கையில் நேராகக் கொடுத்தேன். இரண்டாவது முறை பந்து வந்தபோது பந்தைத் தரையில் தட்டாமலே மூன்று எட்டு நடந்தேன், விசில். நான்கு பாயிண்டில் தோற்றோம். சார் திட்டவில்லை, வேனில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வருடம் பூராவும் இறக்காத ஆளை ஃபைனலில் இறக்கினால் இதுதான் நடக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சொல்லும் இடத்தில் நான் இல்லை.

இவ்வளவும் தெரிந்துதான் திபடோ இருந்திருக்க வேண்டும் என்கிறேன்.

காரணத்தை மில் பக்கம் வந்து சொல்கிறேன், எனக்குக் கைவந்தது அதுதான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். 40-ஆம் கவுண்ட் நூல் ஓட்டிக்கொண்டிருந்தோம். முதலாளி ஒரு சீசன் விலை கம்மி என்று நீளம் பத்தாத பஞ்சை லோடு லோடாக இறக்கிவிட்டார். ரிங் பிரேமில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. சைடர் பெண்கள் ஓடி ஓடி ஒட்டிக் கால் வீங்கிப்போனார்கள். மாஸ்டர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார், முறுக்கை ஏற்றிப் பார்த்தார், மிக்ஸிங்கை மாற்றிப் பார்த்தார். புரொடக்‌ஷன் விழுந்தது. மூன்றாம் மாதம் மாஸ்டரை அனுப்பிவிட்டார்கள். பஞ்சு வாங்கினவரை யார் அனுப்புவது? அவர்தானே முதலாளி. மாஸ்டருக்குச் சம்பள பாக்கி வேறு.

நிக்ஸ் கதை இதற்குத் தலைகீழ். பஞ்சு உயர்ந்த ரகம், ஆனால் ஐந்தே பேல். பிரிட்ஜஸ் ஒருவருக்காக புது ஆட்டக்காரர்களை முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமை ஐந்தைக் கொடுத்தார்கள். டவுன்ஸைக் கொண்டுவர ராண்டிலையும் டிவின்சென்ஸோவையும் கொடுத்தார்கள். நிக்ஸில் இருந்த ஹார்ட்டன்ஸ்டைன் ஒக்லஹோமாவுக்குப் போய்விட்டார். உயரமான மிட்செல் ராபின்சன் காயத்தில் கிடந்து பிப்ரவரி கடைசியில்தான் திரும்பினார். குடோனில் மிச்சமிருந்ததை வைத்து கோச் மாற்று ஆள் போட வேண்டும். போடவில்லை என்பது அவர் தப்பு. போட இவ்வளவுதான் இருந்தது என்பது லியோன் ரோஸ் தலைமையிலான நிர்வாகத்தின் தப்பு. அனுப்பப்பட்டவர் யார் என்று பாருங்கள்.

இன்னொன்று எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. பேசர்ஸ் தொடரில் 0-2 என்று விழுந்த பிறகு அந்த மனுஷன் மாறினார். மூன்றாவது ஆட்டத்தில் ஹார்ட்டை வெளியே உட்காரவைத்து ராபின்சனோடு ஆரம்பித்தார். மாதக்கணக்கில் தூசி படிந்து கிடந்த ஷாமெட்டையும் டெலான் ரைட்டையும் இறக்கினார். 20 பாயிண்ட் பின்தங்கிய ஆட்டத்தை நிக்ஸ் ஜெயித்தது. முன்னாடியே செய்திருக்கலாமே என்கிறீர்களா? நானும் போனைப் பார்த்து அதைத்தான் கத்தினேன். ஆனால் 67 வயதில், இத்தனை வருடப் பழக்கத்தை, சீசனிலேயே பெரிய தொடரின் நடுவில் ஒருவர் மாற்றிக்கொள்கிறார் என்றால், அடுத்த அக்டோபரில் அவர் என்ன செய்வார் என்று பார்க்க எனக்கு ஆசை இருந்தது. நிர்வாகத்துக்கு அந்த ஆசை இல்லை.

கோச்சை மாற்றினால்தான் கோப்பை வரும் என்று சொல்கிறவர்கள் மூன்று கதை வைத்திருப்பார்கள். 2014-ல் 51 ஆட்டம் ஜெயித்த மார்க் ஜாக்சனை கோல்டன் ஸ்டேட் அனுப்பியது, ஸ்டீவ் கெர் வந்து 2015-ல் கோப்பை. 2016 ஜனவரியில் 30-11 என்று கிழக்கில் முதலிடத்தில் இருந்தபோதே டேவிட் பிளாட்டை கிளீவ்லாண்ட் அனுப்பியது, டைரன் லூ வந்து அதே வருடம் கோப்பை. 2018-ல் 59 ஆட்டம் ஜெயித்த டுவைன் கேசியை டொராண்டோ அனுப்பியது, நிக் நர்ஸ் வந்து அடுத்த வருடம் கோப்பை. கேசி கதையில் ஒரு கூத்து உண்டு: வேலை போன பிறகுதான் அந்த சீசனின் சிறந்த கோச் விருதே அவர் கைக்கு வந்தது. ஆனால் டொராண்டோவுக்கு அந்தக் கோடையில் நட்சத்திர ஆட்டக்காரர் கவாய் லெனர்டும் வந்தார். மாஸ்டரையும் மாற்றி, பஞ்சையும் மாற்றினால், நூல் நன்றாக வந்ததற்கு யார் காரணம் என்று எப்படிச் சொல்வது?

எதிர்க் கதையும் இருக்கிறது. 2024 ஜனவரியில் மில்வாக்கி 30-13 என்று இருந்த ஏட்ரியன் கிரிஃபினை அனுப்பிவிட்டு டாக் ரிவர்ஸைக் கொண்டுவந்தது. மீதி சீசன் 17-19, பிளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியே. 2010-ல் நட்சத்திர ஆட்டக்காரர் லெப்ரான் ஜேம்ஸை வைத்துக்கொண்டு மயாமி 9-8 என்று தடுமாறியபோது கோச் ஸ்போல்ஸ்ட்ராவை அனுப்பு என்று ஊரே கத்தியது, நிர்வாகத் தலைவர் பாட் ரைலி காது கொடுக்கவில்லை. 2012, 2013 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை.

எல்லாக் கோச்சையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டெட்ராய்ட்டில் மாண்டி வில்லியம்ஸ், ஆறு வருடத்துக்கு ஏழரைக் கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம், முதல் சீசன் 14-68. தொடர்ந்து 28 தோல்வி. அவரை ஒரே வருடத்தில் அனுப்பியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. (அனுப்பினாலும் ஒப்பந்தப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் மாஸ்டர் அமெரிக்காவில் பிறக்காமல் போய்விட்டார்.)

திபடோ விஷயத்தில் ரொம்ப எரிச்சல் தந்தது அடுத்த ஆளைப் பார்த்து வைக்காமல் அனுப்பியது. மற்ற டீம்களில் வேலையில் இருந்த கோச்சுகளைத் தேடி, டல்லாஸிடம் ஜேசன் கிட்டைக் கேட்டார்கள், ஹூஸ்டனிடம் உடோக்காவைக் கேட்டார்கள், மின்னசோட்டாவிடம் ஃபின்ச்சைக் கேட்டார்கள். எங்கேயும் பேசவே அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த வீட்டுப் பண்ணையாளைக் கேட்டு வாசலில் போய் நின்ற மாதிரி ஆனது. ஒரு மாதம் அலைந்து, ஜூலையில் மைக் பிரவுனை எடுத்தார்கள். அவரோ 2023-ல் சிறந்த கோச் விருது வாங்கி, 2024 டிசம்பரில் சாக்ரமெண்டோ அனுப்பிவைத்த ஆள். பிரவுன் என்ன ஜெயித்தார், என்ன தோற்றார் என்பதைக் கொண்டுவந்து இதற்குப் பதிலாக வைக்காதீர்கள். ஜூன் 3-ஆம் தேதி கையில் இருந்த கணக்குக்கு அந்த முடிவு சரியா என்பதுதான் கேள்வி. என் கணக்கில் தப்பு. குறைந்தது இன்னொரு சீசன், பெஞ்சுக்கு ஆள் வாங்கிக் கொடுத்து, இத்தனை நிமிடத்துக்கு மேல் யாரையும் ஆடவைக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்திருக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு சாரைப் பார்க்கப் போயிருந்தேன். ரிட்டயர் ஆகித் தோப்பு பார்த்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்கா ஆட்டமெல்லாம் அவர் பார்ப்பதில்லை, நான்தான் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். 940 நிமிடம், ஐந்தே பேர், கடைசியில் வேலை போனது வரைக்கும். தென்னை ஓலையை இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அஞ்சு பேருக்கும் கால் நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க சார்."

"அப்பறம் எதுக்குடா மாத்தோணும்?"

சார் வீட்டு அக்கா கொண்டுவந்து வைத்த காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தேன்.