ஓடின் வீட்டுப் பிள்ளைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் என் இரண்டு மகன்களோடு உட்கார்ந்து தோர் படங்களை வரிசையாகப் பார்த்து முடித்தேன். பெரியவனுக்கு 14 வயது, சின்னவனுக்கு 11. சூப்பர்ஹீரோ படம் என்றால் அடிதடிதான் என்று நினைத்திருந்த எனக்கு ஆச்சரியம். முதல் படத்தில் திமிர் பிடித்த இளவரசனாக வருகிறவன், அம்மா, அப்பா, தம்பி, நாடு என்று ஒவ்வொன்றாகப் பறிகொடுத்து, கடைசியில் காதலியையும் இழந்து, வேறு ஆளாக நிற்கிறான். அவனை வளர்த்தது இழப்பா, காதலா என்பதுதான் என் கேள்வி. இழப்புதான் மனிதனை உயர்த்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தம்பி லோகி நம் கர்ணனைப் போல இருக்கிறான் இல்லையா? பின்னால் வந்த படங்களில் தோரைக் கோமாளி ஆக்கிவிட்டார்களே என்று வருத்தமும் உண்டு. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பெரியவன் தோர், சின்னவன் லோகி. இப்போது நாங்கள் எல்லோரும் அவர்களை அப்படியேதான் கூப்பிடுகிறோம்.

அன்புடன்,
கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஊரில் அப்பாவின் வீட்டைப் பாகம் பிரிக்கும் பேச்சு வந்ததிலிருந்து என் மனம் சுற்றிச் சுற்றி தோரின் அப்பா, அந்தக் கிழவர் ஓடினிடம்தான் போய்க்கொண்டிருக்கிறது. அவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை.

முதலில் சின்ன விஷயங்கள். லோகி கர்ணன் இல்லை. கர்ணன் கொடுத்துக்கொண்டே இருந்தவன், லோகி கேட்டுக்கொண்டே இருந்தவன். யாராவது சிறுவயதில் கைமாறி வளர்ந்தால் உடனே கர்ணன் என்று சொல்லிவிடும் வழக்கத்தை நாம் எப்போது விடப்போகிறோம்? அப்புறம், கோமாளித்தனம். தோரைப் பார்த்துச் சிரிப்பது மூன்றாம் படத்தை இயக்கிய டைக்கா வைட்டிட்டி 2017இல் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கைப்பிரதியிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. தோரின் சுத்தியலை ஓர் அரக்கன் திருடிக்கொண்டு, ஃப்ரேயா தேவியை மணமுடித்துக் கொடுத்தால்தான் திருப்பித் தருவேன் என்கிறான். தோர் கல்யாணப்பெண் வேஷம் கட்டி, முகத்திரை போட்டுக்கொண்டு போகிறான். விருந்தில் மணப்பெண் ஒரு முழு மாட்டையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்றுதீர்ப்பதைப் பார்த்து மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வருகிறது. பக்கத்தில் தோழி வேஷத்தில் இருந்து, ‘கல்யாண ஆசையில் எட்டு நாளாகப் பெண் சாப்பிடவே இல்லை’ என்று சமாளிப்பது யார் தெரியுமா? லோகிதான். ஆகவே அந்த வருத்தத்தை விடுங்கள்.

‘இழப்பு மனிதனை உயர்த்துகிறது’ என்பதை மட்டும் அப்படி விடமுடியாது. இந்த வாக்கியத்தை எங்கே பிடித்தீர்கள்? பறிகொடுத்தவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான் சொல்வார்கள். ‘எண்ட்கேம்’ படத்தில் தோர் என்ன ஆனான் என்று நீங்களே பார்த்தீர்களே. உலகத்து உயிர்களில் பாதியை அழித்த தானோஸின் தலையை வெட்டிய பிறகும் செத்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், நார்வேயில் ஒரு மீனவக் குடியிருப்பில் பீரும் வீடியோ கேமுமாகக் கிடக்கிறான். சட்டை இல்லாமல் தொப்பையோடு அவன் திரும்பும்போது தியேட்டரே சிரித்தது. தானோஸ் என்ற பெயரைக் கேட்டதும் அவன் முகம் மாறியபோதும் பாதிப்பேர் சிரிப்பை நிறுத்தவில்லை. இழப்பு செய்யும் வேலை அதுதான். அதில் உயர்வு எங்கே இருக்கிறது?

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பதினொரு வயதுப் பிள்ளையை லோகி என்று கூப்பிடுகிறீர்களே, அவனும் உங்களோடு உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்தவன்தானே? லோகி கதையில் என்ன செய்கிறான், எப்படிச் சாகிறான் என்று அவனுக்குத் தெரியும். பெரியவனுக்குச் சுத்தியலைக் கொடுத்துவிட்டு இவன் கையில் என்ன கொடுத்திருக்கிறீர்கள்? விளையாட்டுக்குத்தான் என்பீர்கள். எல்லா வீட்டிலும் விளையாட்டுக்குத்தான் ஆரம்பிக்கும்.

2011இல் வந்த முதல் படத்தின் தொடக்கத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். பொக்கிஷ அறையில் ஓடின் இரண்டு சிறுவர்களுக்குப் பழைய போர்க்கதை சொல்கிறார். சொல்லிவிட்டு, அரியணையில் ஒருவன்தான் உட்காரமுடியும், ஆனால் இருவருமே அரசனாகப் பிறந்தவர்கள் என்கிறார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! இருப்பதோ ஒரு நாற்காலி, அதை இரண்டு பிள்ளைகளுக்கும் காட்டியாகிவிட்டது. இதைச் சொல்லும்போது அவருக்கு இன்னொன்றும் தெரியும். சின்னவன், எதிரி நாட்டுக் கோயிலில் கிடந்த குழந்தை. பனி அரக்கர்களின் அரசன் லாஃபியின் மகன். அதை மறைத்து வைத்துக்கொண்டு, அதே பனி அரக்கர்களைப் பயங்கரமானவர்களாகக் காட்டும் கதையை அவனுக்கே சொல்லி வளர்த்தார். பெரியவன், அவர்களைத் தேடித்தேடிக் கொல்வேன் என்கிறான். சின்னவன் அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

தெரியுமா, பழைய ஐஸ்லாந்துக் கதைகளில் லோகி தோருக்குத் தம்பியே இல்லை. ஓடினோடு இரத்த சத்தியம் செய்துகொண்ட கூட்டாளி. அவனைத் தோருக்கு வளர்ப்புத் தம்பி ஆக்கியது 1962இல் தோரை காமிக்ஸில் கொண்டுவந்த நியூயார்க் ஆட்கள், ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கிர்பி கூட்டணி. ஹெலாவும் அப்படித்தான். மூலக்கதையில் அவள் லோகியின் மகள், செத்தவர்களின் உலகத்தை ஆள்கிறவள். 2017 படத்தில் அவளை ஓடினின் மூத்த மகள் ஆக்கினார்கள். இந்த இரண்டு மாற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். பழைய கதையில் ஓடின் வீட்டுக்கு வெளியே இருந்த பகையெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது. தோர் அடித்துப்பிடித்துச் சண்டை போடும் ஆட்களில் முக்கியமான இரண்டு பேர் அவன் அப்பா வளர்த்த பிள்ளைகள்.

ஹெலா அரண்மனைக் கூரையை உடைக்கும் காட்சி நினைவிருக்கிறதா? மேலே ஓடினின் அமைதியான குடும்பச் சித்திரம். தோர், லோகி, அம்மா ஃப்ரிக்கா, எல்லோரும் பொன்னிறத்தில் ஜொலிக்கிறார்கள். அது பெயர்ந்து விழுந்தால் அடியில் பழைய சித்திரம். அதே ஓடின், பக்கத்தில் மகள், கீழே பிணங்கள். மகளைப் படை நடத்தவைத்து ஒன்பது உலகத்தையும் பிடித்தார். அவள் ஆசை அவருடைய ஆசையையே தாண்டியதும் சிறையில் தள்ளி, மேலே வெள்ளையடித்துவிட்டார். ‘உங்களுக்கு ஒரு அக்கா இருக்கிறாள்’ என்று மகன்களிடம் எப்போது சொல்கிறார்? நார்வேக் கடற்கரையில், சாவதற்குச் சில நிமிடம் முன்னால்.

எங்கள் அப்பா அரசர் இல்லை, கணக்குப்பிள்ளை. வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்துவார். என் தோளில் கை வைத்து, “இவன் பெரியவன், கணக்குல நூத்துக்கு நூறு” என்பார். அப்புறம் தம்பி பக்கம் திரும்பி, “இவன் சின்னவன்” என்பார். அவ்வளவுதான். வந்தவர் இன்னும் ஏதோ வரும் என்று ஒரு கணம் பார்த்துவிட்டு காப்பி டம்ளரை எடுத்துக்கொள்வார். தம்பி தலையைக் குனிந்து, சிமெண்டுத் தரையில் இருந்த விரிசலைக் கால் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நிற்பான். நான் பேச்சுப்போட்டியில் வாங்கி வந்த கோப்பையை ஒருநாள் கிணற்றில் போட்டுவிட்டான். அப்பா அடித்த அடியில் அக்கம்பக்கத்தவர்கள் கூடிவிட்டார்கள். ஏன் போட்டாய் என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. பாட்டி மட்டும் அப்பாவிடம், “அத ஏன்டா ரெண்டு பேரும் படுக்கற எடத்துல கொண்டாந்து வெச்ச?” என்று கேட்டாள். அந்த வீட்டில் விஷயம் புரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

தம்பிக்கு இப்போது பேரன் இருக்கிறான். இன்னும் போனை எடுத்தால் “சின்னவன் பேசறேன்” என்றுதான் ஆரம்பிப்பான். பாகம் பிரிக்கும் பேச்சில், பத்திரம் எழுதுகிறவரிடம், “பெரியவனுக்கு எது வேணுமோ அதை மொதல்ல எடுத்துக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறான். ஊரில் எல்லோரும் அவன் பெருந்தன்மையை மெச்சுகிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்பா போய் இத்தனை காலம் கழித்தும் அவர் போட்ட வரிசையிலேயே நிற்கிறானே!

இந்தக் கோபத்தோடுதான் முதல் படத்தின் முடிவை நான் பார்ப்பேன். பாலம் உடைந்து தொங்குகிறது. ஓடின் ஒரு கையால் தோரின் காலைப் பிடித்திருக்கிறார். தோர் ஈட்டியின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறான். மறுமுனையில் லோகி, கீழே ஆழம் தெரியாத வெளி. அந்த நிலைமையிலும் அவன் அண்ணனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கிறான். உங்களுக்காக, எல்லோருக்காகவும் நான் செய்து முடித்திருப்பேன் என்கிறான். செய்ய நினைத்தது என்ன? தான் பிறந்த குலத்தையே அழிப்பது. அந்தக் குலத்தை வெறுக்கச் சொல்லிக் கொடுத்தவர் மேலே இருக்கிறார், அவர் சொல்கிறார்: “இல்லை, லோகி.” அவன் கையை விட்டுவிடுகிறான். தோர் கத்துகிறான். அண்ணன் எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் பயன் இல்லை, மேலே இருக்கிறவர் தலையாட்டிவிட்டால்.

அடுத்த படத்தில் இதே தகப்பன், சங்கிலி போட்டு நிற்கும் மகனைப் பார்த்து, உன் பிறப்புரிமையே குழந்தையாகப் பனிப்பாறையில் கிடந்து சாவதுதான், நான் எடுத்ததால் பிழைத்தாய் என்கிறார். எடுத்து வளர்த்ததைச் சொல்லிக் காட்டுவதைவிடக் கேவலம் ஒரு வீட்டில் வேறு இல்லை. சிறைக்குள் மாயவடிவில் பார்க்க வந்த ஃப்ரிக்கா, அப்படியானால் நான் உன் அம்மா இல்லையா என்று கேட்கிறாள். இல்லை என்கிறான். அவளிடம் அவன் கடைசியாகச் சொன்னது அதுதான். பிறகு சிறையை உடைத்து வெளியேறும் ஒருவனுக்கு, இடப்பக்கப் படிக்கட்டில் போ என்று வாய்க்கொழுப்பில் வழி சொல்கிறான். அம்மாவைக் கொன்றவர்களில் ஒருவன் அப்படி வெளியேறிய அந்த ஆள். சாவுச்செய்தியைக் காவலாளி வந்து சொல்லிவிட்டுப் போகிறான். பின்னால் தோர் வரும்போது லோகி தலை கலையாமல் நிற்கிறான். மாயமெல்லாம் போதும் என்கிறான் தோர். மாயம் விலகினால் அறை முழுக்க உடைசல், சுவரோரம் உட்கார்ந்திருப்பவனின் பாதத்தில் இரத்தம். அண்ணன் தம்பி இருவரும் ஒரே துக்கத்தில் இருப்பது ஏழெட்டு வருஷப் படங்களில் முழுசாக அங்கேதான். நடுவில் அப்பா இல்லை பாருங்கள்.

தோர் வளர்ந்தது எப்போது என்று என்னைக் கேட்டால், அதே படத்தின் முடிவில் என்பேன். அரியணை வேண்டாம், பெரிய அரசனாக இருப்பதைவிட நல்ல மனிதனாக இருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அந்த நாற்காலியில் ஓடின் உருவத்தில் உட்கார்ந்திருப்பது லோகி. அந்த ஒரே நாற்காலியை ஒருவன் வேண்டாம் என்கிறான், இன்னொருவன் அப்பாவின் முகத்தைத் திருடிக்கொண்டுதான் அதில் உட்காரமுடிகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே அந்தச் சுமாரான படத்தை மன்னித்துவிடலாம்.

எண்ட்கேமில், காலத்தில் பின்னோக்கி, அம்மா சாகும் நாளுக்கே தோர் தொப்பையும் தாடியுமாகத் திரும்பிப் போகிறானே, அங்கே ஃப்ரிக்கா அவனைத் திட்டவில்லை. என்னவாக ஆகவேண்டுமோ அதில் எல்லோரும் தோற்கத்தான் செய்கிறார்கள், தானாக இருப்பதில் எவ்வளவு தேறினோம் என்பதுதான் கணக்கு என்கிறாள். கிளம்பும்போது கையை நீட்டுகிறான். சுத்தியல் வருகிறது. முதல் படத்தில் கட்டுமஸ்தான உடம்போடு சேற்றில் புரண்டு இழுத்தும் அசையாத அதே சுத்தியல். இத்தனைக்கும் தகுதி இருப்பவன்தான் தூக்கமுடியும் என்று அதற்கு மந்திரம் போட்டவர் அப்பா.

நீங்கள் காதலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜேன் ஃபாஸ்டர் நல்ல பெண். புற்றுநோயோடு சுத்தியலைத் தூக்கி, தூக்கத் தூக்க உடம்பு தேய்ந்து சாகிறாள். 2022இல் வந்த அந்தப் படத்தில் ஆடுகள் கத்திக் கத்தி எனக்குத் தலைவலி வந்தது. ஆனாலும் முடிவில், தன்னோடு சண்டை போட்டுச் செத்தவனின் மகளைத் தோர் எடுத்து வளர்க்கிறான். ஓடினும் எதிரியின் பிள்ளையைத்தான் எடுத்தார். இங்கே அந்தப் பெண் யார் மகள் என்பது அவளுக்கே தெரியும். காலையில் அவளுக்கு டிபன் செய்து கொடுக்கிறான். சண்டைக்குப் போகும்போது தன் பெரிய கோடரியை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுத்தியலை இவன் எடுத்துக்கொள்கிறான்.

கூரை உடையும் அந்த மூன்றாம் படத்தை இன்னொரு தடவை போடுங்கள், கே. இந்த முறை சின்னவன் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். பழைய சித்திரம் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, என்ன நினைக்கிறாய் என்று அவனைக் கேளுங்கள். அவன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெரியவன் முந்திக்கொண்டு பதில் சொல்லவருவான், விடாதீர்கள். அவன் சொன்னதை எனக்கு எழுதுங்கள், அதற்கு வேண்டுமானால் நீளமாகப் பதில் எழுதுகிறேன்.