முதுகெலும்பு ஜவ்வின் தன்னொளிர்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாம்பனில் விசைப்படகில் வலை இழுக்கும் என் அப்பாவுக்கு ஜவ்வு விலகல். தன்னொளிர்வு மூலம் பார்த்தால் பாதிப்பு தெரியுமா?

தெரியாது. சாயம் போடாமலே, ஒளி பட்டதும் திசு தானாக ஒளிர்வதுதான் தன்னொளிர்வு. அதை நுண்ணோக்கியில் பார்க்க வெட்டியெடுத்த திசு வேண்டும். ஜவ்வை ஒளிரவைக்கும் புற ஊதாவும் நீல ஒளியும் தோலிலேயே அடங்கிவிடும், முதுகெலும்பை எட்டாது. தன்னொளிர்வு சொல்வது ஜவ்வின் கட்டமைப்பையும் முதுமையையும்தான், வலியை அல்ல. அப்பாவுக்குத் தேவை மருத்துவரின் நரம்புப் பரிசோதனை, அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ ஒரு இரவுகூடத் தள்ளிப்போடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

சாயம் போடாமலே ஜவ்வு ஒளிர்வது எதனால்? – மாணவி, கீழக்கரை

முக்கியக் காரணம் கொலாஜன் என்ற நார்ப் புரதம். அதன் இழைகளைப் பிணைக்கும் குறுக்குப் பிணைப்புகள் 325 முதல் 340 நானோமீட்டர் அலைநீள ஒளியை வாங்கி, 400க்குப் பக்கத்தில் நீலமாக வெளிவிடும். வயது ஏற ஏறச் சர்க்கரை கொலாஜனோடு ஒட்டி உருவாகும் பொருள்களும் சேர்ந்துகொள்ளும். 370 கொடுத்தால் 440 அளவில் ஒளிர்வது அவைதான். முதிர்ந்த ஜவ்வு வெறும் கண்ணுக்கே மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரிவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. வெளி வளையத்தில் 15 முதல் 25 அடுக்குகள், ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வில் இருப்பதால் பட்டை பட்டையாகத் தெரியும். நீர் மிகுந்த நடுக்கரு மங்கலாக இருக்கும். அதைக் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள்.

ஆட்டு ஜவ்வில் பழக விரும்புகிறோம். எப்படித் தயாரிப்பது? – ஆய்வக உதவியாளர், ராமநாதபுரம்

அன்றைக்கு அறுத்த ஆட்டின் இடுப்புத் தண்டெலும்பை வாங்குங்கள். 0.9 சதவீத உப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியிலேயே வைக்கலாம். ஐஸ் உருகிய தண்ணீர் உள்ளே போகக் கூடாது. கரைசலில் ஊறப்போடவும் கூடாது. நடுக்கரு நீரை உறிஞ்சி உப்பிவிடும்.

எலும்பை விட்டு ஜவ்வை மட்டும் கத்தியால் பிரித்தெடுத்தால், எலும்பைக் கரைக்கும் வாரக்கணக்கான வேலை மிச்சம். உலர்பனியால் குளிரவைத்த ஐசோபென்டேன் என்ற திரவத்தில் சட்டென்று உறையவையுங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும், அருகில் நெருப்பு வேண்டாம். சாதாரண ஃப்ரீசரில் மெல்ல உறைந்தால் பனிப்படிகங்கள் நடுக்கருவைத் துளைத்துவிடும். பிறகு அந்த ஓட்டைகளை நோய் என்று படிக்கும் ஆபத்து இருக்கிறது. உறைந்த திசுவைச் சீவும் கருவியான கிரையோஸ்டாட்டில் 10 முதல் 20 மைக்ரான் சீவல், அது ஒட்டிக்கொள்ள பாலிலைசின் பூசிய கண்ணாடி, மேலே மூட 90 சதவீத கிளிசரால். பூசாத கண்ணாடியில் நடுக்கரு கழுவும்போதே கழன்றுவிடும். வெளிச்சத்தில் ஒளிர்வு மங்குவதால் அன்றே படமெடுங்கள். எல்லாச் சீவலுக்கும் ஒரே ஒளியளவு, ஒரே படநேரம். இதை மாற்றினால் ஒப்பீடே செல்லாது.

எங்கள் சீவல்கள் முழுக்கப் பச்சையாக மின்னுகின்றன. நல்லதுதானே?

நல்லதல்ல. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின், அதைவிடக் கூடுதலாக குளூட்டரால்டிஹைட், திசுவுக்கு இல்லாத ஒளிர்வைத் தரும். இயோசின் சாயமும் பச்சையாக ஒளிரும். சாயமிட்ட சீவலைத் தன்னொளிர்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். திசு இல்லாத வெறும் கண்ணாடியை அதே கிளிசராலோடு முதலில் பாருங்கள். பளீரென்ற நீல நூல்கள் தெரிந்தால் அவை பெரும்பாலும் சலவைத்தூள் வெண்மையூட்டி ஏறிய துணி இழைகள். பாசி ஒட்டியிருந்தால் சிவப்பாகத் தெரியும். மண்டபம் பக்கம் கடற்பாசி கையாளும் மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

மின்தடை முடிந்ததும் நுண்ணோக்கியின் பாதரச விளக்கை உடனே போடலாமா?

கூடாது. அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். 100 வாட் விளக்கின் ஆயுள் வழக்கமாக 200 மணி நேரம். அதைத் தாண்டினால் வெடிக்கக்கூடும். புதிதாக வாங்குவதானால் 365 நானோமீட்டர் எல்.இ.டி. நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்றது. உப்புக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அதனால் லென்ஸ்களை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் வறுத்துப் போடுங்கள்.