புள்ளடி போட்டால் போதுமா? மாகாண சபைத் தேர்தல் பற்றி மாஸ்ரரிடம் கேட்டவை

நான் கிளிநொச்சியில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். தேர்தல் கடமை பல தடவை செய்திருக்கிறேன். 2013 செப்டெம்பர் 21 அன்று நடந்த வடக்கு மாகாண சபைத் தேர்தலை வைத்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

மாங்குளத்துத் தம்பி: மாஸ்ரர், நாங்கள் வன்னி மாவட்டமா, முல்லைத்தீவா?

நாடாளுமன்றத்துக்கு வன்னி. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த தேர்தல் மாவட்டம் அது. கிளிநொச்சிக்காரர் நாங்கள் வன்னி மண்ணில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தோடு வாக்களிக்கிறோம்! மாகாண சபைக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஒவ்வொரு மாவட்டமும் தனி. 2013இல் யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் ஐந்தைந்து, கிளிநொச்சிக்கு 4. முதலிடம் வரும் கட்சிக்குக் கொடுக்கும் போனஸ் ஆசனம் இரண்டையும் சேர்த்தால் 38.

துணுக்காய் அக்கா: தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குத்தானே போட்டோம், வாக்குச் சீட்டில் ஏன் தமிழரசுக் கட்சி என்று இருந்தது?

கூட்டமைப்பு அப்போது பதிவு செய்த கட்சி இல்லை அக்கா. அதனால் தமிழரசுக் கட்சியின் பட்டியலில், வீட்டுச் சின்னத்தில் எல்லோரும் நின்றார்கள். எதிரில் வெற்றிலைச் சின்னத்தில் நின்ற அரசாங்கக் கட்சியும் கூட்டணிதான், டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி.யும் அதற்குள் நின்றது. முஸ்லிம் காங்கிரஸ் கொழும்பில் அரசாங்கத்தோடு இருந்துகொண்டே இங்கே மரச் சின்னத்தில் தனியாக நின்றது. அரசியலில் இதெல்லாம் சகஜம்.

மன்னாரிலிருந்து ஒருவர்: மரத்துக்கு 4,571 வாக்கு, ஒரு ஆசனம். வெற்றிலைக்கு 15,104 வாக்கு, அதற்கும் ஒரு ஆசனம். இது நியாயமா சேர்?

எனக்குப் பிடித்த கணக்கு இது. கடதாசி எடுங்கள். 5 வீதத்துக்குக் கீழே எடுத்தவர்களை முதலில் கழித்துவிடுவார்கள். மிஞ்சியது வீடு 33,118, வெற்றிலை, மரம். மூன்றையும் கூட்டினால் 52,793. ஐந்து ஆசனத்தால் பிரித்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 10,559. வீட்டுக்குள் அது மூன்று தடவை போகும். மூன்று ஆசனம், மீதி 1,441. வெற்றிலைக்குள் ஒரு தடவை, மீதி 4,545. மரத்துக்குள் ஒரு தடவைகூடப் போகாது. 4,571ம் அப்படியே மீதி. இன்னும் ஒரு ஆசனம் கிடக்கிறது, அது பெரிய மீதிக்கு. 4,545ஐயும் 4,571ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 26 வாக்கு! ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை ஆட்கள். நியாயமா என்று கேட்டால், சட்டப்படி சரி. வெற்றிலைக்காரருக்கு வயிறு எரிந்திருக்கும், அதுவும் சரிதான்.

நெடுங்கேணித் தங்கச்சி: வேட்பாளரின் இலக்கத்துக்கு மட்டும் புள்ளடி (X) போட்டால் செல்லுமா?

செல்லாது பிள்ளை. சின்னத்துக்குப் புள்ளடி போட்ட பிறகுதான் விருப்பு வாக்கு; அதிகபட்சம் மூன்று. வாக்கு எண்ணும் மேசையில் ஒரு சீட்டு வந்தது. அழுத்தி, அளவெடுத்ததுபோல மூன்று இலக்கங்களுக்குப் புள்ளடி, மேலே சின்னப் பக்கம் வெறுமை. யாருக்கு விருப்பம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நிராகரித்துக் கட்டினோம். முகவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

செட்டிகுளத்து ஐயா: போனஸ் இரண்டும் ஆருக்கு?

மாகாணம் முழுவதிலும் ஆகக் கூடுதலான வாக்கு எடுத்த கட்சிக்கு. வீட்டின் 28 ஆசனத்தை 30 ஆக்கியது அதுதான். ஒன்றை முஸ்லிம் பிரதிநிதிக்கும் மற்றதை வருடத்துக்கு ஒருவர் என்று சுழற்சியிலும் கொடுத்தார்கள்.

அதே ஐயா: இப்போது வீடு வேறு, சங்கு வேறு, சைக்கிள் வேறு என்று தமிழ்க் கட்சிகள் தனித்தனிச் சின்னத்தில் நிற்கின்றன. பிரிந்தால் அழிவுதானே?

மேடையில் அப்படித்தான் சொல்வார்கள். கணக்கு வேறு மாதிரி. 2013இல் கிளிநொச்சியில் வீட்டுக்கு 37,079, வெற்றிலைக்கு 7,897. ஆசனம் 3க்கு 1. சும்மா ஒரு கற்பனைக்கு வீட்டை 27,000, 10,079 என்று இரண்டாக உடையுங்கள். இரண்டும் ஒன்றும் கிடைக்கும், கூட்டினால் அதே மூன்று! அடி விழும் இடங்கள் வேறு. உடைந்த துண்டு 5 வீதத்துக்குக் கீழே போனால் அந்த வாக்கு முழுக்கச் செத்தது. மாகாணத்தில் முதலிடம் போனால் போனசும் போய்விடும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வன்னியின் ஆறு ஆசனங்களை ஐந்து கட்சிகள் பங்கு போட்டன. திசைகாட்டிச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்திக்கு மட்டும் இரண்டு.

முழங்காவில் தம்பி: முதலமைச்சருக்கு நேரடியாகப் போட முடியாதா?

முடியாது. சபையில் பெரும்பான்மை ஆதரவு உள்ள உறுப்பினரை ஆளுநர் நியமிப்பார்.

அவரே: 2013இல் எனக்குப் பதினேழு வயது மாஸ்ரர். அடுத்தது எப்போது?

சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கு முந்தின வருடமே பழைய விகிதாசார முறையை மாற்றி, தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறை என்று சட்டம் போட்டார்கள். அதற்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்துப் போட்டார். பழைய முறைக்குச் சட்டம் இல்லை, புது முறைக்கு எல்லை இல்லை. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தினால்தான் உங்கள் இடது சின்னவிரலில் இதற்காக மை படும் தம்பி.