நாற்சந்திப் பூதம்

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் எம்மா புல்லின் முதல் நாவல் ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ படித்தேன். மினியாபொலிஸ் தெருக்களில் கிதார் வாசித்துப் பாடுகிற ஒரு பெண்ணை, தேவதைகள் தங்கள் போருக்கு இழுத்துப் போகிற கதை. ‘அர்பன் ஃபேன்டஸி’, அதாவது நகரத்தில் நடக்கிற மாயக் கதை, என்று தனி வகையாகவே சொல்கிறார்கள். நானும் என் முதல் நாவலை அப்படி எழுத ஆசைப்படுகிறேன். ஆனால் நம் பக்கம் நகரமே கிடையாதே ஐயா? பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கதையைச் சென்னைக்குக் கொண்டுபோய் விடட்டுமா?

பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், கண்டனூர்

பதில்: தம்பி, மற்றதெல்லாம் இருக்கட்டும். ‘நகரமே கிடையாதே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தங்களை ‘நகரத்தார்’ என்றே சொல்லிக்கொள்கிற செட்டியார்கள் இருக்கிற செட்டிநாட்டு மண்ணில் உட்கார்ந்து இதை எழுதலாமா?

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். வேளாளர் கூடினால் அது ஊர். பிராமணர் கூடினால் அது சபை. வணிகர் கூடினால் அது நகரம். மாடிக் கட்டடத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வைத்த பேரல்ல அது. கூடிப் பேசி, கணக்குப் பார்த்து, ஒருவர் சொல்லுக்கு இன்னொருவர் பொறுப்பேற்கிற ஆட்களுக்கு வைத்த பேர். 2014ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோது ‘தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள்’ என்று போட்டார்கள். 2024ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. பட்டியலில் வந்ததும் நல்லது, மாநகராட்சி ஆனதும் நல்லது. ஆனால் நகரம் என்ற சொல் இந்த இரண்டுக்கும் ரொம்ப காலம் முந்தியே நம் பேரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

எங்கிருந்து வந்தது? பெரியவர்களைக் கேட்டால் காவிரிப்பூம்பட்டினம், அதாவது புகார் நகரம் என்பார்கள். அங்கிருந்து கிளம்பி வந்து, இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயிலைப் பிடித்து உட்கார்ந்தோம் என்பது நம் வீடுகளில் சொல்லி வருகிற கதை. அந்தப் புகாரைச் சிலப்பதிகாரம் எப்படிக் காட்டுகிறது என்று ஒருமுறை எடுத்துப் படியுங்கள். இந்திரவிழாப் பகுதியில் ஐந்து மன்றங்கள் வருகின்றன. ‘அர்பன் ஃபேன்டஸி’ வேண்டும் என்கிறவருக்கு அந்த நாலைந்து பக்கம் போதும்.

முதலாவது வெள்ளிடை மன்றம். வெளியூர்ச் சரக்கு மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மூட்டை மேல் உடையவர் பேரும் எண்ணிக்கையும் பொறித்திருக்கும். பூட்டு கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. எவனாவது திருடினால் மூட்டை அவன் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கழுத்து கடுக்கக் கடுக்கச் சுமந்துகொண்டு அங்கேயே சுற்றிச் சுற்றி வருவான். இறக்கவும் முடியாது, கொண்டுபோகவும் முடியாது. இந்தக் கற்பனை காட்டில் பிறக்காது தம்பி, வயலிலும் பிறக்காது. ராத்திரி சரக்கைக் கரையில் விட்டுவிட்டு வந்து தூக்கம் வராமல் புரண்ட வியாபாரியின் பயத்தில்தான் பிறக்கும்.

அப்புறம் பூத சதுக்கம். நாற்சந்தியில் கையில் கயிற்றோடு ஒரு பூதம் நிற்கும். தவ வேஷம் போட்டு ஏமாற்றுகிறவர், அரசனுக்குக் குழிபறிக்கும் அமைச்சர், அடுத்தவர் மனைவியை நாடுகிறவர், பொய்ச்சாட்சி சொல்கிறவர், புறம் பேசுகிறவர் என்று அதற்கு ஒரு பட்டியல் உண்டு. நாலு காதம் கேட்கிற குரலில் அதைக் கூவிச் சொல்லிவிட்டுத்தான் பிடித்து அடித்துத் தின்னும்.

அந்தப் பூதத்தைக் காரைக்குடி ஐந்து விளக்கில் நிறுத்திப் பாருங்கள். ராத்திரி பத்து மணி, கடை அடைக்கிற நேரம். முதல் நாள், நேற்று இழைத்த தூணுக்குத் தேயிலைத் தண்ணீர் பூசி, நூறு வருஷத்துப் பர்மாத் தேக்கு என்று விற்றவர் கயிற்றில் விழுவார். இரண்டாம் நாள், பங்காளியின் கையெழுத்தைத் தானே போட்டவர். மூன்றாம் நாள், கல்யாணப் பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுத் திண்ணைக்கு வந்து ‘சாம்பாரில் உப்பே இல்லை’ என்றவர். புறம் பேசுவது பட்டியலில் இருக்கிறது, பூதம் அதில் சலுகை காட்டாது. நாலாம் நாள் கல்லுக்கட்டிக் கடைத்தெரு முழுக்க வாயைத் திறக்காமல் வியாபாரம் நடக்கும். விலை கேட்டால் விரலைக் காட்டுவார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பூதம் பசியோடு பள்ளத்தூர் பஸ் ஏறிவிடும். அங்கே போய் என்ன செய்தது என்பதை நீங்கள் எழுதுங்கள், நான் விடிய விடியப் படிக்கிறேன்.

பட்டியலில் பொய்ச்சாட்சியைச் சொன்னேன் அல்லவா, அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். செட்டிநாட்டு வீடு என்றாலே பேய் வீடு என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். இதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன். பல வருஷத்துக்கு முன் ஒருவர் கதை அனுப்பியிருந்தார். நடுப்பகலில் கதாநாயகி வளவுக்குள் நுழைகிறாள், கும்மிருட்டு, கையில் மெழுகுவத்தி. வளவு என்றால் நடுவில் வானம் பார்த்த முற்றம். சித்திரை வெயிலில் அங்கே வெறுங்காலோடு நிற்க முடியாது. மெழுகுவத்தி எதற்கு? கதையைத் திருப்பி அனுப்பினேன். எனக்குக் கற்பனையே கிடையாது என்று அவர் வேறொரு பத்திரிகையில் திட்டி எழுதினார். அவருக்கு இன்றைக்கும் என் பதில் அதேதான்: முற்றத்தில் முதலில் வெயில் விழட்டும், பேயை அப்புறம் கூப்பிடுங்கள்.

எம்மா புல் இந்தத் தப்பைச் செய்யவில்லை. 1987ல் வந்த அந்த நாவலின் தெருக்கள் அவர் நடந்த தெருக்கள். அவரே ‘கேட்ஸ் லாஃபிங்’ என்ற இசைக்குழுவில் பாடியவர். எடி என்கிற அந்தப் பெண்ணின் குழு உடைவதும், புதுக் குழு சேருவதும், ஒத்திகையும் இரவல் பேச்சாக இல்லாமல் இருக்கின்றன. போர் நடக்கிற இடங்களில் ஒன்று மின்னஹாஹா அருவி. அது எங்கோ மாய மலையில் விழுகிற அருவியல்ல, அந்த ஊர்ப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. படித்த உள்ளூர்க்காரர் மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அறிபுனை, மாயப்புனைவு நூல்களுக்குத் தருகிற லோக்கஸ் விருதுகளில் முதல் நாவலுக்கானது 1988ல் அதற்குக் கிடைத்தது. நாயாகவும் மனிதனாகவும் உருமாறுகிற பூக்காவைத்தான் எல்லாரும் கொண்டாடுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அந்தக் கதையின் ஒரு விதி. மனிதப் பிறவி ஒன்று களத்தில் இருந்தால்தான் அந்தத் தேவதைகளின் போரில் சாவு நிஜமாகும். எடியை அவர்கள் கூட்டிப்போவதே அதற்குத்தான். சாட்சி வந்து நின்ற பிறகுதான் அங்கே எதுவும் விளையாட்டில்லை. இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து, நம் பூதமும் பொய்ச்சாட்சியும் நினைவுக்கு வர, வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சென்னைக்குப் போகாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். காவல் தெய்வத்தின் பேரில் ஒரு தெரு. அந்தத் தெருக் கடைகளில், இடித்த வீட்டுச் சாமான். எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், ரசம் போன நிலைக்கண்ணாடி, ரவிவர்மா படம். போன மாதம் ஒரு கடையில் தகர டப்பா நிறையச் சாவி பார்த்தேன். சாண் நீள இரும்புச் சாவிகள். ஒன்றில் வேட்டிக்கரையைக் கிழித்துக் கட்டி, அதில் மையால் ‘மேல வீடு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். எழுத்தில் அந்த ‘மே’யின் கொம்பு மட்டும் கரைந்து போயிருந்தது.

‘பூட்டு எங்கண்ணே?’ என்று கேட்டேன்.

‘பூட்டு கதவோட போச்சுண்ணே. கதவு கொச்சிக்குப் போச்சு.’

பக்கத்தில் ஒரு நிலையின் மேல்கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். கஜலட்சுமி. இரண்டு பக்கமும் யானை துதிக்கையைத் தூக்கி நிற்கிறது. லட்சுமி முகத்தில் யாரோ கடைசியாக வைத்த மஞ்சளும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. புகாரின் ஐந்தாவது மன்றம் பாவை மன்றம். அரசன் கோல் வளைந்தாலும், நீதி சொல்லும் அவை ஒரு பக்கம் சாய்ந்தாலும், அங்கே நிற்கிற பாவை நாவால் ஒன்றும் சொல்லாது, கண்ணீர் மட்டும் விடும். நான் அந்தக் கடையில் நின்று பார்த்தது அவளைத்தான். இதை உவமையாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் எத்தனை புள்ளியோ, அதாவது எத்தனை கல்யாணமான குடும்பமோ, யார் பங்குக்கு யார் கையெழுத்து வர வேண்டியிருந்ததோ, எந்த வருஷம் ஓடு சரிந்து மழை உள்ளே இறங்கியதோ, அத்தனையும் அவள் பார்த்துக்கொண்டே நிலைக்கு மேல் இருந்திருக்கிறாள்.

நம் வீடு கட்டியிருக்கிற விதமே பாதி மந்திரம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கதவெல்லாம் ஒரே நேரில் இருப்பதால் திண்ணையில் உட்கார்ந்தால் கடைசி வாசல் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். ஒரு தெருவில் நுழைந்து வேறு தெருவில் வெளியே வருகிற வீட்டுக்குள் நாம் மோர்மிளகாய் காயப்போட்டுக் கொண்டிருந்தோம்!

பூட்டிக் கிடக்கிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் படைப்புக்குத் திறப்பார்களே? முன்னோருக்குப் புதுச் சேலை, வேட்டி எடுத்து வைத்து, சமைத்து, இலை போட்டுக் கும்பிட்டு, பங்காளிகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாளுக்கு நம் பக்கம் படைப்பு என்றுதானே பேர். எழுத்தாளர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் புத்தகத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நமக்கு அது இறந்தவர்களுக்கு இலை போடுவது.

எங்கள் வீட்டில் போன தடவை படைப்பு நடந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு குழந்தை வந்திருந்தாள், ஏழு வயதிருக்கும். சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘இது எந்த அப்பத்தாவுக்கு? அவங்க இப்ப எந்த ரூம்ல இருக்காங்க?’ என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. என் ஆச்சி கரண்டியைக் கீழே வைக்காமலே கையை நீட்டிக் காட்டினார்.

‘ரெண்டாங்கட்டுல, கிழக்க ரெண்டாவது அறை.’

குழந்தை போய் அந்தக் கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

முதல் அத்தியாயத்தை எழுதி அனுப்புங்கள் தம்பி. கூடவே உங்கள் வீட்டின் தரைப்படத்தையும் பென்சிலால் வரைந்து வையுங்கள். முற்றம் எங்கே என்று முதலில் அதைத்தான் பார்ப்பேன்.