முதலில் ஒரு சந்திப்பில் நில்லுங்கள்

நடைபாதை, சைக்கிள் பாதைத் திட்டமிடலில் இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றும் போக்குவரத்துத் திட்டமிடுநர் ஒருவர், இந்தத் துறைக்கு வர விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறேன். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் சாலை அமைக்கும் வேலைக்கு வர ஆசை. எந்தப் படிப்பு, எந்த மென்பொருள்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மென்பொருளை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். கேட் (கணினியில் வரைபடம் வரையும் மென்பொருள்), ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தகவல்களை நிலப்படத்தில் வைத்து ஆராயும் மென்பொருள்), எக்செல் மூன்றும் கைக்குப் பழக வேண்டும். போக்குவரத்துப் பொறியியலிலோ நகரமைப்பிலோ முதுநிலைப் பட்டம் இருந்தால் வேலை சீக்கிரம் கிடைக்கும். இவற்றையெல்லாம் கற்றுத்தர ஆட்கள் உண்டு. நீங்களே கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று.

நீங்கள் தினமும் கடக்கும் ஒரு சந்திப்புக்கு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். காலை, மதியம், இருட்டிய பிறகு என்று மூன்று வேளையும் ஒவ்வொரு மணி நேரம் நில்லுங்கள். வாகனங்களை விட்டுவிட்டு, நடப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். குழந்தையைக் கையில் பிடித்திருப்பவர், கோல் ஊன்றியவர், சக்கர நாற்காலியில் வருபவர், சுமையோடு வருபவர் என்று தனித்தனியாக எண்ணுங்கள். கடக்கக் கோடு போட்டிருக்கும் இடம் ஒன்று, மக்கள் உண்மையில் கடக்கும் இடம் ஒன்று என்று இருக்கும். ஏன் என்று பாருங்கள். அநேகமாக அந்த இடத்துக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம் இருக்கும். அல்லது சிக்னலில் அவர்களைக் காக்கவைக்கும் நேரம் பொறுமையைத் தாண்டியிருக்கும். ‘ஒழுங்கில்லாத மக்கள்’ என்று கூட்டங்களில் பேசுவார்கள். நின்று பார்த்தவர்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வராது.

நான் இதைத் தாமதமாகத்தான் கற்றேன். வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, 18 மீட்டர் அகலச் சாலை ஒன்றுக்கு நடப்போருக்கான சிக்னல் நேரத்தைக் கணக்கிட்டேன். வினாடிக்கு 1.2 மீட்டர் என்பது நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் நடை வேகம். அதன்படி 15 வினாடி. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. சிக்னல் இயங்கத் தொடங்கிய மறுநாள் பார்க்கப் போனேன். பச்சை விழுந்தவுடன் புறப்பட்ட ஒரு பாட்டி, சிவப்பு விழுந்தபோது முக்கால் தூரத்தில் இருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் உறுமின. அவர் நின்றுவிட்டார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அந்தக் கை நடுங்கியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. அதற்குக் காரணம் என் கணக்கு.

அடுத்த வாரம் கைக்கடிகாரத்தோடு நின்று நாற்பது முதியவர்களின் நடையை அளந்தேன். பெரும்பாலோர் வினாடிக்கு 0.8 மீட்டரை ஒட்டியே நடந்தார்கள். அந்த வேகத்துக்கு 22 வினாடிக்கு மேல் வேண்டும். எட்டு வினாடி கூடுதலாகக் கேட்டேன். வாகன வரிசை நீளும் என்று மறுத்தார்கள். நாற்பது பேரின் நேரக் குறிப்பை மேசையில் வைத்தபோது யாராலும் மறுக்க முடியவில்லை. வாகனங்களின் எண்ணிக்கை எல்லா அலுவலகத்திலும் கட்டுக்கட்டாக இருக்கிறது; நடப்பவர்களின் எண்ணிக்கை அநேகமாக எங்கும் இருப்பதில்லை. பல பயணக் கணக்கெடுப்புகளில், பஸ்ஸுக்காகப் பத்து நிமிடம் நடந்தவரின் நடை ‘பஸ் பயணம்’ என்ற கட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது. கணக்கில் வராதவர்களுக்கு நிதி ஒதுக்கீட்டில் இடம் கிடைப்பதில்லை.

கூடவே இந்தக் கணக்கையும் போட்டுப் பழகுங்கள். ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி என்று கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், அந்த ஒரு வினாடியும் சேர்த்து ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வரும் கார் அதே 13 மீட்டரில் இன்னும் வேகம் குறையாமலேயே வந்துகொண்டிருக்கும். சாலைக்கு 30 போதும் என்று நீங்கள் வாதாட நேரும்போது இதைச் சொல்லுங்கள். கேட்பவர் மனத்தில் படம் விரியும்.

வடிவமைப்புக்கு, நெதர்லாந்தின் க்ரோ அமைப்பு வெளியிட்ட சைக்கிள் வழிகாட்டி நூலைத் தேடிப் படியுங்கள். தொடர்ச்சி, நேரான வழி, பாதுகாப்பு, வசதி, இனிமை என்று ஐந்து தேவைகளை அது வைக்கிறது. என் அனுபவத்தில் முதலில் பலியாவது தொடர்ச்சி. அழகாகப் போட்ட பாதை, மிக ஆபத்தான சந்திப்புக்கு இருபது மீட்டர் முன்னால் நின்றுபோகும். ஸ்பெயினின் செவில் நகரம் 2006 முதல் சில ஆண்டுகளுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒன்றோடொன்று இணைந்த வலைப்பின்னலாகவே பாதைகளைப் போட்டது. சைக்கிள் அரிதாக இருந்த ஊரில் மக்கள் சைக்கிளில் ஏறினார்கள்.

கேள்வி: நான் வரலாறு படித்தவள். பொறியியல் பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் இடம் உண்டா?

பதில்: உண்டு. இந்தத் துறையே பொறியாளர்களால் மட்டும் உருவானதில்லை. 1971இல் நெதர்லாந்துச் சாலைகளில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மகளை விபத்தில் இழந்த ஒரு பத்திரிகையாளர் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று எழுதினார். அந்தத் தலைப்பே பெற்றோர்களின் இயக்கத்துக்குப் பெயராயிற்று. அந்த நாட்டின் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தப் பெற்றோர்கள் இருக்கிறார்கள். கோபன்ஹேகனில் 1962இல் ஸ்ட்ரொயெட் வீதி நடப்பவர்களுக்கு விடப்பட்ட பின், அங்கே மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று பொறுமையாகக் குறித்தவர் யான் கெல் என்ற கட்டடக் கலைஞர். அவர் பார்வையை மனிதர் பக்கம் திருப்பியதில் உளவியல் படித்த அவருடைய மனைவிக்குப் பெரும் பங்கு உண்டு.

உங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு, பயணக் கணக்கெடுப்பு, கொள்கை வரைவு ஆகிய மூன்றிலும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சாலையின் குறுக்குவெட்டுப் படத்தில் எது எத்தனை மீட்டர் என்று சொல்லத் தெரியாவிட்டால், கூட்டத்தில் உங்களுக்கு மரியாதை கிடைக்கும், முடிவெடுக்கும் இடம் கிடைக்காது. அளவுநாடாவைப் பையிலேயே வைத்திருங்கள். சைக்கிள் ஓட்டுபவருக்கு, அசைந்து போவதையும் சேர்த்து, ஒரு மீட்டர் அகலம் வேண்டும். சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர். இவை மனப்பாடமாக இருக்கட்டும்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக நெடுஞ்சாலைத் திட்டங்களில் வேலை செய்கிறேன். இப்போது மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். மழைநீர் வடிகால், விளிம்புக்கல், பூமிக்கடியில் ஓடும் கேபிள்கள், ஒப்பந்ததாரரிடம் வேலை வாங்குவது ஆகியவை தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. நல்ல நடைபாதைத் திட்டங்கள் கெடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியது கேள்வியை மட்டும். ‘இந்தச் சாலையில் மணிக்கு எத்தனை வண்டி போகும்?’ என்று கேட்டுப் பழகியிருப்பீர்கள். ‘எத்தனை மனிதர் போகலாம்?’ என்று கேளுங்கள். 1977இல் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரம் மையப் பகுதியை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் கார் நேராகப் போக முடியாது. வட்டச் சாலைக்கு வெளியேறித்தான் வர வேண்டும். நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் நேராகப் போகலாம். உங்கள் வலைப்பின்னல் அறிவு முழுவதும் இங்கே பயன்படும்.

கேள்வி: ஒரு ஆலோசனை நிறுவனத்தில் இளநிலைத் திட்டமிடுநராக இருக்கிறேன். சைக்கிள் பாதைக்காகப் பார்க்கிங் இடத்தை எடுத்தால் வியாபாரம் போய்விடும் என்று கடைக்காரர்கள் கூட்டத்தில் கத்துகிறார்கள். நான் ஒடுங்கிப்போகிறேன்.

பதில்: அந்தக் கோபத்தின் அடியில் பயம் இருக்கிறது. அது அவர்களுடைய பிழைப்பு. பயப்படாமல் எப்படி இருப்பார்கள்? வரைபடம் முடிந்த பிறகு கூட்டம் போட்டால் சண்டைதான் வரும். கோடு போடுவதற்கு முன்பே ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகப் போங்கள். சரக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும், எங்கே நிற்கும் என்று கேளுங்கள். பாதி எதிர்ப்பு அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கும். அதைத் தீர்க்க முடியும்.

பிறகு, கடைக்கு வருபவர்கள் எப்படி வந்தார்கள் என்று வாசலில் நின்று கேட்டு எழுதுங்கள். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் இப்படிக் கேட்டபோது, காரில் வரும் வாடிக்கையாளரின் பங்கைக் கடைக்காரர்கள் உண்மையைவிட மிக அதிகமாக எண்ணியிருந்தது தெரிந்தது. ஆனால் வேற்றூர் ஆய்வைக் காட்டி அவர்களை மடக்காதீர்கள். அவர்கள் வாசலில் எடுத்த கணக்கை அவர்களிடமே முதலில் காட்டுங்கள். முடிந்தால் பெயின்டும் பூந்தொட்டியும் வைத்து ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். சரிவராவிட்டால் எடுத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தால், எடுக்கவும் தயாராக இருங்கள்.

கேள்வி: எனக்குச் சைக்கிள் ஓட்டவே பயம். இந்த வேலைக்கு நான் தகுதியானவளா?

பதில்: வாருங்கள். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் சைக்கிள் திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கெல்லர், மக்களை நான்கு வகையாகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் துணிந்து ஓட்டுபவர்கள் அதில் மிகச் சிலர். ஆசை இருந்தும் பயத்தால் ஓட்டாமல் இருப்பவர்களே பெரும்பான்மை. நீங்கள் அவர்களில் ஒருவர். பாதை போடுவதே அவர்களுக்காகத்தான். உங்கள் வீட்டிலிருந்து நூலகமோ பள்ளியோ ஒன்றுக்கு ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போங்கள். ஏறி ஓட்டத் தைரியம் வந்த இடங்களையும், வயிற்றைக் கலக்கிய இடங்களையும் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சாலையின் அகலத்தையும் வண்டிகளின் வேகத்தையும் எழுதுங்கள். நேர்காணலுக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.