செல்லுலார் கேமராவுக்கு எந்தப் பேட்டரி? முதலில் சிக்னலைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில், வடக்கு மிச்சிகனில் நண்பர் ஒருவரின் நிலத்தில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறேன். ஒரே மாடலில் இரண்டு செல்லுலார் டிரெயில் கேமரா (மரத்தில் கட்டி வைத்தால், கடந்து போகும் விலங்கைப் படம் எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்புவது) வாங்கி, இரண்டிலும் எட்டு ஆல்கலைன் ஏஏ செல்கள் போட்டேன். சோயா வயல் ஓரத்தில் கட்டியது இரண்டு மாதமாக ஓடுகிறது. சீடார் மரச் சதுப்புக்குள் கட்டியது இரண்டே வாரத்தில் படுத்துவிட்டது. செல் மாற்ற அடிக்கடி உள்ளே போனால் மனித வாடை பட்டு மான்கள் ஒதுங்கிவிடுகின்றன. லித்தியம் செல் போடவா, சோலார் பேனலா, 12 வோல்ட் பேட்டரியா? அக்டோபர் 1 முதல் ஜனவரி 1 வரை தாங்க வேண்டும்.

பதில்: பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரே மாடல், ஒரே வகைச் செல், ஆனால் ஒன்று இரண்டு மாதம் ஓடுகிறது, மற்றது இரண்டு வாரம். அப்படியானால் குறை செல்லில் இல்லை. சதுப்புக்குள் இருக்கும் கேமரா மின்சாரத்தை எதிலோ கொட்டிக்கொண்டிருக்கிறது. அது எது என்று பார்க்காமல் பெரிய பேட்டரியைக் கட்டினால், ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய ஓட்டைக் குடம் வாங்கிய கதைதான்.

இந்தக் கேமரா பெரும்பாலான நேரம் தூங்குகிறது. அப்போது அது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. எதிரே உடல் வெப்பத்தோடு ஏதாவது நகர்ந்தால் விழித்துப் படம் எடுக்கும். இரவானால் அகச்சிவப்பு விளக்கைப் போடும். இதெல்லாம் சில நொடி வேலை. அப்புறம் மோடம், அதாவது கைப்பேசி வலை வழியாகப் படத்தை அனுப்பும் பகுதி, எழுந்து டவரைத் தேடி, தன்னைப் பதிவு செய்து, படத்தை அனுப்பிவிட்டுத் திரும்பத் தூங்கப் போகும். செலவு இந்தக் கட்டத்தில்தான். டவர் தொலைவில் இருந்தால் மோடம் சிக்னல் அனுப்பும் சக்தியை உச்சத்துக்கு ஏற்றும். படம் போய்ச் சேரவில்லை என்றால் மறுபடி முயலும், மறுபடியும் முயலும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் கேமராவில் கொஞ்சம் மாறும். ஒரு படம் அனுப்ப மோடம் 40 நொடி விழித்திருந்து சராசரியாக 0.3 ஆம்பியர் எடுக்கிறது என்றால், படத்துக்கு ஏறக்குறைய 3.3 மில்லி ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). ஒரு நாளைக்கு 30 படத்தை உடனுக்குடன் அனுப்பினால் 100. சிக்னல் மோசமாகி அந்த 40 நொடி இரண்டு நிமிடம் ஆனால் 300. எட்டுச் செல்லும் வரிசையாக இணைந்திருப்பதால் வோல்டேஜ்தான் 12 ஆகக் கூடுகிறது. கொள்ளளவு ஒரு செல்லுக்கு உரியதுதான். நல்ல லித்தியம் ஏஏ என்றால் 3,000 மில்லி ஆம்பியர்-மணி என்று வைக்கலாம். இந்தக் கணக்கில் நல்ல சிக்னலில் அது ஒரு மாதம் வரும், மோசமான சிக்னலில் பத்தே நாள்.

அதே 30 படத்தைச் சேர்த்து வைத்து, காலையும் மாலையும் இரண்டே தடவை அனுப்பினால்? டவரைத் தேடுவதும் பதிவு செய்வதும் முப்பது முறை நடக்க வேண்டியது இரண்டு முறையோடு முடிகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டரை நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும் நாளுக்கு 25 மில்லி ஆம்பியர்-மணிதான். காசு செலவில்லாத பேட்டரி இதுதான். எனவே கைப்பேசியில் கேமராவின் செயலியைத் திறந்து, படம் அனுப்பும் முறையை ‘உடனுக்குடன்’ என்பதிலிருந்து நாளுக்கு இரண்டு முறைக்கு மாற்றுங்கள். கேட்ட நேரத்தில் படம் எடுத்து அனுப்பும் வசதி, நேரலை வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உங்கள் அழைப்புக்காக மோடம் ஓயாமல் காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டிய வசதி அது. நவம்பர் முதல் பாதியில், இணைசேரும் பருவத்தில் ஆண் மான்கள் பகலிலும் அலையும்போது வேண்டுமானால் சில நாள் உடனுக்குடன் வைத்துக்கொள்ளலாம். (மற்ற மாநிலங்களுக்கு வேட்டைக்குப் போனால் அங்கத்திய சட்டத்தையும் பாருங்கள். அரிசோனாவில் 2022 முதல் வேட்டைக்கு டிரெயில் கேமரா உதவியே கூடாது.)

அடுத்து, கேமரா கட்டிய மரத்தின் முன்னால் போய் நில்லுங்கள். சீடார் கிளை ஒன்று சென்சார் முன்னால் ஆடிக்கொண்டிருந்தால், வெயில் பட்டு மாறும் இலையின் வெப்பமே போதும், மான் இல்லாத படங்கள் நூறு வரும். செயலியில் வெறும் படங்கள் வரிசையாக இருந்தால் இதுதான் காரணம். கிளையை வெட்டி, புல்லை மிதித்துவிட்டு, கேமராவை முடிந்தவரை வடக்குப் பார்த்துக் கட்டுங்கள். இரவு வீடியோ போட்டிருந்தால் படமாக மாற்றுங்கள். வீடியோ ஓடும் நேரம் முழுக்க விளக்கு எரிய வேண்டும். சிக்னல் ஒரு கோடுதான் காட்டுகிறது என்றால் கேமராவைச் சதுப்பின் மேட்டு ஓரத்துக்கு ஒரு முப்பது நாற்பது மீட்டர் நகர்த்திப் பாருங்கள். ஆன்டெனாவைக் கழற்றி மாட்டும் மாடலாக இருந்தால், கேபிளோடு வரும் ஆன்டெனா வாங்கி மரத்தில் உயரமாகக் கட்டலாம். 

சரி, இனி செல்லுக்கு வருவோம்.

அந்த ஊர்க் குளிருக்கு ஆல்கலைன் ஒத்துவராது. அதற்குள் இருப்பது தண்ணீர் கலந்த ரசாயனம். குளிரக் குளிர உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வர செல்லே காட்டும் தடை, ஏறும். பாதி தீர்ந்த செல் ஒன்றின் உள்தடை குளிரில் 0.3 ஓம் என்றால் எட்டுக்கும் சேர்த்து 2.4 ஓம். மோடமோ விளக்கோ ஒரு ஆம்பியர் இழுக்கும் நொடியில் 2.4 வோல்ட் சரிந்துவிடும். செல்லில் இன்னும் மின்சாரம் இருக்கும், ஆனால் கேமரா ‘பேட்டரி தீர்ந்தது’ என்று அணைந்துவிடும். பகல் படம் ஒழுங்காக வந்து, இரவுப் படம் மட்டும் கருப்பாகவோ வராமலோ இருந்தால் இந்த நோய் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் ஏஏ (ஒருமுறை பயன்படுத்துவது, 1.5 வோல்ட்) மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும். ஒரு செல் 15 கிராம்தான். ஆல்கலைன் 23 கிராம். விலை ஆல்கலைனைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஒரு குணம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இதன் வோல்டேஜ் கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்று, பிறகு சட்டென்று விழும். செயலி பல வாரம் நூறு சதவீதம் காட்டிவிட்டு இரண்டு நாளில் பூஜ்ஜியத்துக்கு வரலாம். அமைப்பில் பேட்டரி வகையை ‘லித்தியம்’ என்று மாற்றி வையுங்கள், சதவீதத்தை நம்பாமல் அனுப்பிய படங்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

சார்ஜ் செய்யும் நிக்கல் செல் 1.2 வோல்ட், எட்டும் சேர்ந்தால் 9.6தான். சில கேமராக்கள் ஏற்கும், சில ஆரம்பத்திலேயே ‘குறைவு’ என்று முரண்டு பிடிக்கும். யுஎஸ்பியில் சார்ஜ் செய்யும் 1.5 வோல்ட் லித்தியம் அயான் செல்லை இந்த வேலைக்கு நான் சொல்லமாட்டேன். அதற்குள் இருக்கும் சிறு சர்க்யூட் கடைசி நொடி வரை 1.5 காட்டிவிட்டு முன்னறிவிப்பே இல்லாமல் வெட்டிவிடும். எதுவானாலும் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். வரிசையில் பலவீனமான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகி ஒழுகும்.

சோலார் பற்றி நம் ஊர் வெயிலை மனதில் வைத்து யோசிக்கக் கூடாது. 45 டிகிரி அட்சரேகை வடக்கு மிச்சிகன் வழியாகத்தான் போகிறது. டிசம்பர் 21 அன்று நடுப்பகலில் சூரியன் அங்கே அடிவானத்திலிருந்து 22 டிகிரிகூட ஏறாது. அதே நாள் சென்னையில் 53 டிகிரி ஏறும். போதாக்குறைக்கு நவம்பர், டிசம்பரில் பெரிய ஏரிகளிலிருந்து எழும் மேகம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். ஆனாலும் வயல் ஓரத்துக் கேமராவுக்குப் பேனல் நல்ல தேர்வு. திறந்த வெளியில் 5 வாட் பேனல் மங்கிய நாள்களையும் சேர்த்துச் சராசரியாக நாளுக்கு 3 வாட்-மணி கொடுத்தால்கூட, 100 மில்லி ஆம்பியர்-மணி செலவுக்கு 12 வோல்ட்டில் தேவை 1.2 வாட்-மணிதான். பேனலைத் தெற்குப் பார்த்து, நன்றாகச் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். தாழ்ந்த சூரியனுக்கும் அதுதான் சரி, பனியும் வழுக்கி விழுந்துவிடும். சில பேனல்களில் 6, 9, 12 வோல்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மாட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

சதுப்புக்குள் பேனல் வேண்டாம். ஓக், மேப்பிள் காடு என்றால் நவம்பரில் இலை உதிர்ந்து வெளிச்சம் வரும். சீடார் பசுமை மாறாதது, குளிர்காலம் முழுக்க நிழல்தான். பனியும் காற்றும் படாத அந்த அடர்த்திக்காகத்தான் மான்கள் டிசம்பரில் அங்கே கூடுகின்றன. அதாவது வெளிச்சம் மிகக் குறைந்த மாதத்தில் கேமராவுக்கு வேலை மிக அதிகம். இன்னொன்று: பேனலுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, நல்ல தயாரிப்பில் சர்க்யூட்டே தடுத்துவிடும். உறைந்த காலையில் வெயில் பளிச்சென்று அடித்தாலும் பேட்டரியில் ஏறாது.

அங்கே 12 வோல்ட் பேட்டரிதான். வீட்டுக் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸுக்குள் இருக்குமே, அந்த 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரிதான் மலிவு. எடை இரண்டு கிலோவுக்கு மேல், மைனஸ் 18 டிகிரியில் கொள்ளளவு பாதியாகும், முழுக்கத் தீர்ந்த நிலையில் குளிரில் உறைந்து விரிசல் விட்டும் போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதே அளவில் ஒரு கிலோவுக்குள், விலை கூட. மைனஸ் 20 வரை மின்சாரம் கொடுக்கும். சார்ஜ் மட்டும் வீட்டுக்குள் வைத்துத்தான். சதுப்புக்கு நான் இதைத்தான் எடுப்பேன். மூன்று மாதத்துக்கு, முன்பு சொன்ன 25-ஓடு மோசமான சிக்னலுக்கும் இரவு விளக்குக்கும் சேர்த்து நாளுக்கு 60 மில்லி ஆம்பியர்-மணி என்று வைத்தால் 5.6 ஆம்பியர்-மணி தேவை. குளிரில் இழப்பது போக 7 ஆம்பியர்-மணி பேட்டரி சற்றே இழுபறி. கேமராவுக்குள் லித்தியம் ஏஏ எட்டையும் போட்டு வையுங்கள். பல மாடல்கள் வெளிப் பேட்டரி தீர்ந்ததும் தானாக உள் செல்லுக்கு மாறும், உங்களுடையது மாறுமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக் வாங்கும்போது அளவையும், நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்பதையும் மல்டிமீட்டரால் உறுதி செய்யுங்கள், தலைகீழாகப் போனால் கேமரா போயிற்று. பேட்டரி பக்கத்தில் 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். ஒயரை முள்ளம்பன்றியோ அணிலோ கடித்து இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டால் பேட்டரி பல பத்து ஆம்பியரைக் கொட்டும். பேட்டரியைத் துப்பாக்கித் தோட்டா வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஒயர் வெளியே வரும் துளையைப் பெட்டியின் அடிப்பக்கம் போடுங்கள். ஒயர் பிளக்குக்கு வருவதற்கு முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலே ஏறட்டும், மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இதையெல்லாம் செப்டம்பர் கடைசியில், பரண் சரிபார்க்கப் போகும் அதே நாளில் முடித்துவிடுங்கள். கட்டியதும் கேமராவைக் கடந்து நடந்து, படம் கைப்பேசிக்கு வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஜனவரியில் கழற்றும்போது ஏஏ செல்களை வெளியே எடுத்துவிட்டுக் கேமராவை வையுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பாதிக்குச் சற்று மேல் சார்ஜில் வீட்டுக்குள் வைத்தால் போதும். லெட்-ஆசிட் வாங்கியிருந்தால் முழுச் சார்ஜ் ஏற்றி, சில மாதத்துக்கு ஒரு முறை மறுபடி ஏற்ற வேண்டும்.